சைலோசைபின் காளான் வளர்ப்பும் மருத்துவ ஆய்வும் – ஒரு வரலாறு

சைலோசைபின் காளான்கள் என்பது சைலோசைபின், சைலோசின் ஆகிய வேதிப்பொருள்களைத் தம்முள் கொண்ட காளான் இனங்களைக் குறிக்கும் பொதுப்பெயர் ஆகும். தமிழ்ச் செய்தித்தாள்களில் இவை 'போதைக் காளான்' என்றும் 'மேஜிக் காளான்' என்றும் எழுதப்படுகின்றன. உலகின் பல பகுதிகளில் ஏறத்தாழ 200 இனங்களில் இப்பொருள்கள் காணப்படுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை சைலோசைபி என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை.

இவற்றை உண்பவருக்குச் சில மணி நேரம் காட்சி, ஒலி, காலம், தன்னுணர்வு ஆகியவை மாறித் தோன்றும். மெக்சிகோவின் பழங்குடி மக்கள் இக்காளான்களை நோய் தீர்க்கும் சடங்குகளில் பயன்படுத்தி வந்தனர். 1950களின் நடுப்பகுதி வரை அறிவியல் உலகத்துக்கு இவற்றின் வேதியியல் தெரியாது. காளான் மழைக்காலத்தில் மட்டும் முளைத்தது, பறித்த சில நாள்களில் அழுகியது, வெளியாருக்கு எளிதில் கிடைக்கவுமில்லை. பாரிஸ் நகர ஆய்வகம் ஒன்றில் இக்காளானை வளர்க்க முடிந்த பிறகே அதன் வேதிப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. இன்று மனச்சோர்வு நோய்க்கு மருந்தாகச் சோதிக்கப்படும் சைலோசைபினின் வரலாறு அந்த வளர்ப்பிலிருந்து தொடங்குகிறது.

பழைய குறிப்புகள்

மெக்சிகோவில் அஸ்டெக் மக்கள் பேசிய நாவாட்டில் மொழியில் இக்காளானுக்குத் தெயோநானாகாட்டில் என்று பெயர். தெய்வக் காளான் அல்லது தெய்வத்தின் தசை என்று இதற்குப் பொருள் கூறுவர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் மெக்சிகோவைக் கைப்பற்றிய பின்னர் அங்கு வாழ்ந்த பிரான்சிஸ்கன் துறவி பெர்னார்டினோ டி சாகுன், அம்மக்களின் வாழ்க்கை முறைகளை விரிவாகத் தொகுத்தார். விருந்துகளில் தேனுடன் காளான் உண்ணப்பட்டதும், உண்டவர் சிலர் ஆடியதும் சிலர் அழுததும் சிலர் தம் எதிர்காலத்தைக் கண்டதாகக் கூறியதும் அத்தொகுப்பில் இடம்பெற்றுள்ளன.

ஸ்பானியத் திருச்சபை இவ்வழக்கத்தைப் பேய் வழிபாடாகக் கருதித் தடை செய்தது. ஊர்ப்பொதுவில் நடந்த சடங்குகள் மறைந்தன. தொலைவிலுள்ள மலைக்கிராமங்களில் மட்டும் இரவு நேரத்தில், வீட்டுக்குள், கிறித்தவப் புனிதர்களின் பெயர்களும் கலந்த வடிவில் அவை தொடர்ந்தன. வெளியுலகம் இவற்றை ஏறத்தாழ மறந்துவிட்டது.

1915இல் அமெரிக்கத் தாவரவியலாளர் வில்லியம் சாஃபோர்ட், தெயோநானாகாட்டில் என்பது காளானே அன்று என்றும், உலர்ந்த பெயோட்டே கள்ளியையே ஸ்பானியர் காளான் என்று தவறாக எழுதிவிட்டனர் என்றும் வாதிட்டார். பல ஆண்டுகள் இக்கருத்து ஏற்கப்பட்டிருந்தது. மெக்சிகோவில் வாழ்ந்த ஆஸ்திரிய மருத்துவர் பிளாஸ் பாப்லோ ரேக்கோ இதை மறுத்தார். வஹாக்கா மாநிலத்து மலைகளில் அக்காளான் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது என்பது அவர் கூற்று. 1936இல் ராபர்ட் வைட்லானர் என்பவர் அம்மாநிலத்தின் வாவுட்லா என்னும் மலையூரில் சில காளான்களைப் பெற்றார். ரேக்கோ வழியாக அவை ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டன. ஆனால் வந்து சேர்ந்தபோது இனத்தை உறுதி செய்யும் நிலையில் அவை இல்லை.

1938இல் ஹார்வர்டின் இளம் தாவரவியலாளர் ரிச்சர்ட் எவன்ஸ் ஷுல்டிஸ், ரேக்கோவுடன் வாவுட்லாவுக்கு நேரில் சென்று மாதிரிகளைச் சேகரித்தார். சாஃபோர்டின் கருத்து தவறு என்பதை அவரது கட்டுரைகள் நிறுவின. பின்னர் அவர் அமேசான் காட்டு ஆய்வுக்குச் சென்றுவிட்டார். இரண்டாம் உலகப் போரும் குறுக்கிட்டதால் காளான் ஆய்வு அத்துடன் நின்றது.

வாவுட்லாவில் மரியா சபினா

ஷுல்டிஸின் கட்டுரை மீண்டும் கவனம் பெற்றதற்கு ஒரு தம்பதியர் காரணம். கார்டன் வாசன் நியூயார்க்கில் ஜே. பி. மார்கன் வங்கியின் துணைத்தலைவர். அவர் மனைவி வாலண்டினா பாவ்லோவ்னா ரஷ்யாவில் பிறந்த குழந்தை மருத்துவர். ரஷ்யர்கள் காளானை விரும்பி உண்பதும் ஆங்கிலேயர் அஞ்சி ஒதுக்குவதும் ஏன் என்ற கேள்வியிலிருந்து தொடங்கி, காளானும் மனிதப் பண்பாடும் குறித்து இருவரும் பல ஆண்டுகள் தரவு திரட்டினர். 1952இல் ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் எழுதிய கடிதத்தின் வழியாக மெக்சிகோ காளான் பற்றி அவர்கள் அறிந்தனர். 1953 முதல் வாவுட்லாவுக்குப் பயணம் செய்தனர்.

வாவுட்லா மசாதெக் பழங்குடியினர் வாழும் ஊர். அங்கு மரியா சபினா என்ற பெண் மருத்துவச்சியாகப் பெயர் பெற்றிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். மசாதெக் மொழி மட்டுமே பேசுபவர். காளான்களை அவர் 'புனிதக் குழந்தைகள்' என்று குறிப்பிடுவது வழக்கம். நோயாளியுடன் இரவு முழுவதும் விழித்திருந்து, காளான் உண்டு, பாடியும் வேண்டியும் நோயின் காரணத்தைக் கண்டறிவது அவரது முறை. 1955 ஜூன் 29ஆம் நாள் இரவு, ஊர் அதிகாரி ஒருவரின் வேண்டுகோளின்படி, வாசனும் ஒளிப்படக் கலைஞர் ஆலன் ரிச்சர்ட்சனும் அவர் நடத்திய சடங்கில் கலந்துகொண்டு காளான் உண்டனர்.

1957 மே 13ஆம் நாளிட்ட 'லைஃப்' இதழில் வாசன் இதனைப் படங்களுடன் எழுதினார். மரியா சபினாவின் பெயரையும் ஊரையும் மறைத்து வேறு பெயர்களைக் கொடுத்திருந்தார். ஆயினும் அவை வெகுநாள் மறைந்திருக்கவில்லை. அதே மாதம் வேறோர் இதழில் வாலண்டினாவும் தம் அனுபவத்தை எழுதினார். இக்காளானின் வேதிப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டால் மனநல மருத்துவத்துக்குப் பயன்படலாம் என்ற எண்ணத்தைத் தொடக்கத்திலேயே வெளிப்படுத்தியவர்களுள் அவர் ஒருவர். 1958 இறுதியில் அவர் காலமானார்.

பாரிஸ் ஆய்வகத்தில் வளர்ப்பு

வாசனுக்குக் காளானியல் பயிற்சி இல்லை. எனவே பாரிஸ் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இயக்குநர் ரோஜர் ஹைமின் உதவியை நாடினார். ஹைம் காளான் வகைப்பாட்டில் அக்காலத்தின் முன்னணி அறிஞர். போர்க்காலத்தில் நாஜி வதை முகாம்களில் அடைக்கப்பட்டு உயிர் மீண்டவர். 1956இல் அவர் வாசனுடன் மெக்சிகோ சென்றார். சடங்குகளில் பயன்படும் காளான்கள் ஒரே இனம் அல்ல, பல இனங்கள் என்பதைக் கண்டறிந்து, அவற்றுள் பலவற்றுக்கு அறிவியல் பெயர் சூட்டினார். 1957இல் அவர் விவரித்த சைலோசைபி மெக்சிகானா அவற்றுள் ஒன்று.

அதே பயணக் குழுவில் ஜேம்ஸ் மூர் என்ற அமெரிக்க வேதியியலாளரும் இருந்தார். மனித மனத்தைக் கட்டுப்படுத்தும் பொருள்களைத் தேடிய அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வின் மறைமுக நிதியுதவியில் அவர் வந்திருந்தார். இது வாசனுக்குத் தெரியாது. மூர் ஒரு பை நிறையக் காளானுடன் நாடு திரும்பி அதன் வேதிப்பொருளைத் தேடினார். ஹைம் எடுத்துச் சென்றவை வளர்ப்புக்கு உரிய மாதிரிகள். இந்த வேறுபாடு பின்னர் முக்கியமானதாயிற்று.

காளான் என்று நாம் காணும் குடை வடிவம் அந்தப் பூஞ்சையின் முழு உடல் அன்று. அது வித்துகளைப் பரப்புவதற்காகத் தோன்றும் உறுப்பு மட்டுமே. பூஞ்சையின் உடல் மைசீலியம் எனப்படும் மெல்லிய இழைகளின் பின்னலாக மண்ணிலோ மட்கிய பொருளிலோ பரவியிருக்கும். வித்திலிருந்து அல்லது காளானின் திசுவிலிருந்து மைசீலியத்தைத் தனியே வளர்த்தெடுத்தால் அந்த இனத்தை ஆண்டு முழுவதும் ஆய்வகத்தில் உயிருடன் வைத்திருக்கலாம். ஆனால் சத்துள்ள எந்த ஊடகத்திலும் காற்றிலுள்ள பூஞ்சணங்களும் பாக்டீரியாக்களும் முந்திக்கொண்டு வளர்ந்துவிடும். ஆகவே நுண்ணுயிர் நீக்கப்பட்ட சூழல் இன்றியமையாதது. மைசீலியம் நன்கு வளர்ந்த பின்னும் எல்லா இனங்களும் ஆய்வகத்தில் குடைக்காளானைத் தருவதில்லை. காட்டில் மழையும் வெப்பமும் ஒளியும் சேர்ந்து தரும் தூண்டுதலை ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனியே கண்டறிய வேண்டும்.

பாரிஸ் ஆய்வகத்தில் இப்பணியை ஹைமும் அவருடைய உதவியாளர் ரோஜர் கய்யூவும் மேற்கொண்டனர். மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்த பல இனங்களை வளர்த்துப் பார்த்தனர். அவற்றுள் சைலோசைபி மெக்சிகானா ஆய்வுக்கு மிகவும் ஏற்றதாக அமைந்தது. அது சிறிய காளான். இயற்கையில் புல்வெளிகளில் முளைப்பது. ஆய்வகத்தில் அது குடைக்காளானைத் தந்ததோடு, ஸ்கிளிரோஷியம் எனப்படும் கடினமான சிறு கட்டிகளையும் உருவாக்கியது. இவை பூஞ்சை தன் உணவைச் சேமித்து வறட்சியைத் தாங்குவதற்கான அமைப்புகள். இக்கட்டிகளிலும் வேதிப்பொருள் இருப்பது பின்னர் தெரியவந்தது. எர்காட் நோயின் கருநிறக் கொம்பும் ஒரு ஸ்கிளிரோஷியமே.

இவ்வாறு வாவுட்லா மலையில் ஆண்டில் சில மாதங்கள் மட்டும் கிடைத்த காளான், பாரிசில் எந்த மாதத்திலும் கிடைத்தது. எந்த இனம் என்பதில் ஐயமும் இல்லை. அறிவியல் ஆய்வுக்கு இவ்விரண்டும் அடிப்படைத் தேவைகள்.

பாசெல் நகரில் பிரித்தெடுப்பு

காளானின் வேதிப்பொருளைப் பிரிக்கப் பிரான்சிலும் அமெரிக்காவிலும் நடந்த முதல் முயற்சிகள் வெற்றி பெறவில்லை. ஹைம் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரிலிருந்த சாண்டோஸ் மருந்து நிறுவனத்தை அணுகினார். அங்கு பணியாற்றிய வேதியியலாளர் ஆல்பர்ட் ஹோஃப்மன், எர்காட் பூஞ்சையின் வேதிப்பொருள்களிலிருந்து 1938இல் எல்.எஸ்.டி.யைத் தயாரித்து, 1943இல் அதன் விளைவைக் கண்டறிந்தவர். பூஞ்சைகளை வளர்ப்பதிலும் அவற்றிலிருந்து மருந்து எடுப்பதிலும் அந்நிறுவனத்துக்கு நீண்ட அனுபவம் இருந்தது.

1957இல் பாரிஸ் ஆய்வகத்தில் வளர்ந்த சைலோசைபி மெக்சிகானாவின் உலர்ந்த காளான் 100 கிராம் பாசெலுக்கு வந்தது. அதன் சாற்றை எலிகளுக்கும் நாய்களுக்கும் கொடுத்துப் பார்த்ததில் தெளிவான விளைவு எதுவும் தெரியவில்லை. மலையில் விளைந்த காளானின் ஆற்றல் ஆய்வகத்தில் வளர்ந்த காளானுக்கு இல்லையோ, உலர்த்தும்போது அழிந்துவிட்டதோ என்ற ஐயம் எழுந்தது. கையிருப்பும் குறைந்துகொண்டே வந்தது. ஐயத்தைத் தீர்க்க ஹோஃப்மன் 32 உலர்ந்த காளான்களைத் தாமே உண்டார். அவற்றின் மொத்த எடை 2.4 கிராம். அரை மணி நேரத்தில் சுற்றுப்புறம் மாறத் தொடங்கியது. கண்ட பொருள்களெல்லாம் மெக்சிகோ வண்ணம் பூண்டன. அருகிலிருந்து கவனித்த மருத்துவர் அவர் கண்ணுக்கு அஸ்டெக் பூசாரியாகத் தெரிந்தார். ஆறு மணி நேரம் கழிந்து அவர் இயல்பு நிலைக்குத் திரும்பினார்.

பாரிசில் வளர்ந்த காளானும் மலைக்காளானைப் போலவே செயல்படும் என்பது இதனால் உறுதியாயிற்று. விலங்குச் சோதனை இதற்கு உதவாது, மனிதரிடம் மட்டுமே விளைவை அறிய முடியும் என்பதும் தெளிவாயிற்று. அதன் பின்னர் சாற்றைப் பல கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறையும் ஹோஃப்மனும் அவருடைய உடன்பணியாளர்களும் தாமே உட்கொண்டு, எதில் விளைவு இருக்கிறது என்று படிப்படியாகக் கண்டறிந்தனர். இன்றைய ஆய்வு நெறிமுறைகள் இத்தகைய முறையை அனுமதிக்க மாட்டா.

இத்தனை சோதனைகளுக்கும் வேண்டிய காளானைப் பாசெலிலேயே வளர்க்கும் பொறுப்பைச் சாண்டோசின் ஆர்தர் பிராக், ஹான்ஸ் கோபெல் ஆகியோர் ஏற்றனர். காளான், ஸ்கிளிரோஷியம், மைசீலியம் ஆகியவற்றை அவர்கள் பெருமளவில் வளர்த்துத் தந்தனர். இறுதியில் நிறமற்ற படிகமாக முதன்மை வேதிப்பொருள் கிடைத்தது. அதற்குச் சைலோசைபின் என்றும், மிகச் சிறிய அளவில் உடனிருந்த மற்றொன்றுக்குச் சைலோசின் என்றும் பெயரிடப்பட்டன. 1958 மார்ச் மாதம் வெளியான முதல் ஆய்வறிக்கையில் ஹோஃப்மன், ஹைம், பிராக், கோபெல் ஆகிய நால்வர் பெயரும் இருந்தன. மூரின் முயற்சி பயனற்றுப் போயிற்று.

சைலோசைபின் இண்டோல் வகைச் சேர்மம். பாஸ்பரஸ் கொண்ட இண்டோல் சேர்மம் இயற்கையில் கண்டறியப்பட்டது அதுவே முதன்முறை. உடலுக்குள் சென்றதும் அதன் பாஸ்பேட் பகுதி நீங்கிச் சைலோசினாக மாறுகிறது. சைலோசினின் அமைப்பு மூளையில் நரம்புச் செய்திகளைக் கடத்தும் செரோட்டோனினின் அமைப்பை மிகவும் ஒத்திருப்பதால், செரோட்டோனினுக்குரிய ஏற்பிகளில் அது பொருந்திச் செயல்படுகிறது.

ஆய்வக வளர்ப்பு இன்னொரு வினாவுக்கும் விடை தந்தது. காளான் இப்பொருளை எதிலிருந்து தயாரிக்கிறது என்பதே அவ்வினா. கதிரியக்கக் கார்பன் கொண்டு அடையாளமிடப்பட்ட டிரிப்டோஃபன் என்னும் அமினோ அமிலத்தை வளரும் பூஞ்சைக்கு ஊட்டிய சாண்டோஸ் குழுவினர், அந்த அடையாளம் சைலோசைபினில் சேர்ந்திருப்பதை 1961இல் அறிவித்தனர். காட்டிலிருந்து பறித்து வந்த காளானைக் கொண்டு இச்சோதனையைச் செய்திருக்க முடியாது.

படிகத்திலிருந்து மாத்திரைக்கு

வேதி அமைப்பு தெரிந்தவுடன் ஹோஃப்மன் குழுவினர் சைலோசைபினைக் காளான் இல்லாமலே தயாரிக்கும் வழியையும் கண்டனர். சாண்டோஸ் 'இண்டோசைபின்' என்ற பெயரில் அதை மாத்திரையாக்கி ஆய்வாளர்களுக்கு வழங்கியது. காளானிலிருந்து இப்பொருள்களைப் பெறும் முறைக்கு 1965இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதில் ஹைம், ஹோஃப்மன் உள்ளிட்டோர் கண்டுபிடிப்பாளர்களாகப் பதிவாயினர். காளானை அடையாளம் காட்டிய மசாதெக் மக்களுள் எவர் பெயரும் அதில் இல்லை.

1962இல் ஹோஃப்மன் வாசனுடன் வாவுட்லாவுக்குச் சென்றார். அப்போது காளான் பருவம் இல்லை. மரியா சபினாவிடம் 5 மில்லிகிராம் மாத்திரைகளைக் கொடுத்து, காளானின் ஆவி இதில் அடங்கியிருக்கிறது என்று கூறினர். மாத்திரை கரைந்து வேலை செய்ய நேரம் பிடித்ததால் முதலில் அவர் ஏமாற்றம் அடைந்தார். பின்னர் மேலும் சில மாத்திரைகளை உண்டார். விடியும் வேளையில், மாத்திரைக்கும் காளானுக்கும் வேறுபாடு இல்லை என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகத் தெரிவித்தார். காளான் கிடைக்காத மாதங்களிலும் நோயாளிகளுக்கு இனி உதவலாம் என்று நன்றி சொல்லி, ஹோஃப்மன் கொடுத்த மாத்திரைக் குப்பியை வாங்கிக்கொண்டார். ஆய்வகத்தின் படிகம் அந்தக் காளானுக்கு நிகரானதே என்பதற்கு இதைவிடத் தகுதியான சான்று கிடைத்திருக்க முடியாது என்று ஹோஃப்மன் கருதினார்.

ஆய்வுகளும் தடையும்

1960இல் ஹார்வர்டு உளவியலாளர் திமோதி லியரி மெக்சிகோவில் விடுமுறையைக் கழித்தபோது காளான் உண்டார். பின்னர் சாண்டோஸ் தந்த மாத்திரைகளைக் கொண்டு ஹார்வர்டில் ஓர் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கினார். 1962 புனித வெள்ளியன்று வால்டர் பான்கே என்ற ஆய்வு மாணவர் பாஸ்டன் நகர வழிபாட்டுக் கூடமொன்றில் இறையியல் மாணவர்கள் 20 பேரிடம் நடத்திய சோதனை இத்திட்டத்தில் புகழ்பெற்றது. பாதிப் பேர் சைலோசைபினும் மற்றவர் நிகோடினிக் அமிலமும் பெற்றனர். சைலோசைபின் பெற்றவர்களுள் பெரும்பாலோர் ஆழ்ந்த சமய அனுபவத்தை அடைந்ததாகக் கூறினர்.

ஆயினும் லியரியின் பணி விரைவில் ஆய்வின் எல்லையைத் தாண்டியது. ஆய்வாளர்கள் தாமும் உண்டுகொண்டே சோதனை நடத்தியது கண்டிக்கப்பட்டது. 1963இல் லியரியும் உடன்பணியாளர் ரிச்சர்ட் ஆல்பர்ட்டும் ஹார்வர்டிலிருந்து நீக்கப்பட்டனர். இளைஞர்களிடையே இத்தகைய பொருள்களின் பயன்பாடு பெருகவே, 1965இல் சாண்டோஸ் எல்.எஸ்.டி., சைலோசைபின் ஆகியவற்றின் வழங்கலை நிறுத்தியது. 1970இல் அமெரிக்காவின் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் சட்டமும், 1971இல் ஐக்கிய நாடுகளின் உளத்தூண்டல் பொருள்கள் உடன்படிக்கையும் சைலோசைபினை மிகக் கடுமையான முதல் அட்டவணையில் சேர்த்தன. ஆய்வகங்கள் ஒவ்வொன்றாக இப்பணியைக் கைவிட்டன. ஆய்வகத்துக்கு வெளியே, சட்டத்துக்குப் புறம்பாகக் காளான் வளர்ப்பு பரவியது இக்காலத்திலேதான்.

1971 உடன்படிக்கையில் ஒரு விதிவிலக்கு உண்டு. இத்தகைய செடிகள் இயல்பாக வளரும் நாடுகளில், சிறிய சமூகக் குழுக்கள் மரபாகச் சடங்குகளில் அவற்றைப் பயன்படுத்தி வந்தால், அந்நாடுகள் அதற்கு விலக்குக் கோரலாம். மெக்சிகோ தன் பழங்குடி மக்களுக்காக இவ்விலக்கைப் பெற்றது.

வாவுட்லாவுக்கு நேர்ந்தது

'லைஃப்' கட்டுரைக்குப் பின் வாவுட்லாவுக்கு வெளியூர் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்தனர். நோய் தீர்க்க உண்ணப்பட்ட காளான், வேடிக்கைக்கும் இன்பத்துக்கும் தேடப்பட்டது. 1960களின் இறுதியில் மெக்சிகோ அரசு படையினரை நிறுத்தி வெளியார் வருகையைத் தடுத்தது. ஊராரில் சிலர் இத்தொல்லைக்கெல்லாம் மரியா சபினாவே காரணம் என்று பழி சுமத்தினர். அவர் வீடு தீக்கிரையாயிற்று. காவல்துறையின் விசாரணைக்கும் அவர் உள்ளானார். 1985 நவம்பர் 22ஆம் நாள் வறுமையிலேயே இறந்தார். முற்காலத்தில் நோயைக் குணப்படுத்தவே காளானை எடுத்துக்கொண்டோம் என்றும், வெளிநாட்டார் வந்த பின் புனிதக் குழந்தைகளின் ஆற்றல் குறைந்துவிட்டது என்றும் தம் வாழ்க்கையைப் பதிவு செய்த அல்வாரோ எஸ்திராடாவிடம் அவர் வருந்திக் கூறினார். வாசனும் பிற்காலத்தில் தம் கட்டுரையின் விளைவு குறித்து வருந்தினார்.

ஆய்வுகளின் மறுதொடக்கம்

1990களில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஃபிரான்ஸ் ஃபோலன்வைடர் குழுவினர் மனிதர்களிடம் சைலோசைபின் ஆய்வை மீண்டும் தொடங்கினர். செரோட்டோனினின் 2ஏ வகை ஏற்பியை அடைக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுத்தால் சைலோசைபினின் மனவிளைவுகள் தோன்றுவதில்லை என்பதை 1998இல் அவர்கள் காட்டினர். 2006இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழுவினர் நலமுள்ள 36 தன்னார்வலர்களிடம் நடத்திய ஆய்வு வெளியாயிற்று. அதன் கட்டுப்பாடான முறை இத்துறைக்கு மீண்டும் மதிப்பைத் தந்தது.

2016இல் அதே பல்கலைக்கழகம் புற்றுநோயால் மனக்கலக்கமும் மனச்சோர்வும் உற்ற 51 பேரிடமும், நியூயார்க் பல்கலைக்கழகம் 29 பேரிடமும் நடத்திய ஆய்வுகள் ஒரே நேரத்தில் வெளியாயின. உளவியலாளரின் துணையோடு கொடுக்கப்பட்ட ஒருமுறை மருந்தின் பயன் பலரிடம் ஆறு மாதம் வரை நீடித்தது. 2022இல் வெளியான பெரிய ஆய்வில், வழக்கமான மருந்துகளுக்கு இணங்காத மனச்சோர்வு நோயாளிகள் 233 பேர் மூன்று பிரிவுகளாக 25, 10, 1 மில்லிகிராம் பெற்றனர். 25 மில்லிகிராம் பெற்றோரிடம் மூன்று வாரத்தில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் ஆகிய பக்கவிளைவுகளும் பதிவாயின.

எல்லா முடிவுகளும் ஒரே திசையில் அமையவில்லை. 2021இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி 59 பேரிடம் சைலோசைபினை எஸ்கிட்டாலோபிராம் என்னும் வழக்கமான மருந்துடன் ஒப்பிட்டபோது, முதன்மை அளவீட்டில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மேலும், எந்த மருந்து கொடுக்கப்பட்டது என்பதை நோயாளி எளிதில் உணர்ந்துவிடுவதால் எதிர்பார்ப்பின் விளைவைப் பிரித்தறிவது கடினம். மனச்சிதைவு நோய் உள்ளவர்களும் குடும்பத்தில் அந்நோய் உள்ளவர்களும் பொதுவாக இவ்வாய்வுகளில் சேர்க்கப்படுவதில்லை. 2023 ஜூலை முதல் ஆஸ்திரேலியா, அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர்கள் குறிப்பிட்ட நோயாளிகளுக்கு இதைப் பரிந்துரைக்க அனுமதித்துள்ளது.

இன்றைய வளர்ப்பும் மாற்று வழிகளும்

இன்றைய மருத்துவ ஆய்வுகளில் பெரும்பாலும் வேதித் தொகுப்பால் பெறப்பட்ட சைலோசைபினே பயன்படுகிறது. ஒரே தொகுதியில் வளர்ந்த காளான்களிலும் வேதிப்பொருளின் அளவு ஒன்றுக்கொன்று மாறுபடும் என்பது இதற்குக் காரணம். மருந்தாய்வில் ஒவ்வொருவருக்கும் கொடுத்த அளவு துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். இருப்பினும், உரிமம் பெற்று வளர்த்த காளானின் சாற்றை அளவு சீராக்கி ஆய்வுக்கு வழங்கும் முயற்சிகள் கனடாவில் நடைபெறுகின்றன. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2020இல் மக்கள் வாக்கெடுப்பின் வழியாக, மேற்பார்வையுடன் கூடிய சைலோசைபின் சேவைக்கு வழிவகுத்தது. அங்கு உரிமம் பெற்றோர் சைலோசைபி கியூபென்சிஸ் என்ற ஓர் இனத்தை மட்டுமே வளர்க்கலாம். 1906இல் கியூபாவில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இனம் இது.

2017இல் ஜெர்மனியின் ஜேனா பல்கலைக்கழகத்தில் டிர்க் ஹோஃப்மைஸ்டர் குழுவினர், காளான் டிரிப்டோஃபனைச் சைலோசைபினாக மாற்றப் பயன்படுத்தும் நான்கு நொதிகளைக் கண்டறிந்தனர். அந்த நொதிகளுக்குரிய மரபணுக்களை வேறு உயிரிகளில் பொருத்தும் பணி அடுத்துத் தொடங்கியது. 2019இல் ஓஹையோவின் மயாமி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஈ. கோலை பாக்டீரியாவிலிருந்து ஒரு லிட்டர் வளர்ப்பு நீர்மத்துக்கு 1.16 கிராம் சைலோசைபின் பெற்றனர். ஈஸ்ட்டைக் கொண்டும் இது தயாரிக்கப்பட்டுள்ளது. காளான் வளர்ப்பில் தொடங்கிய ஆய்வு, காளான் இல்லாமலே அதன் வேதிப்பொருளை வளர்க்கும் நிலைக்கு வந்துள்ளது.

இந்தியாவும் இலங்கையும்

தெற்காசியாவிலும் சைலோசைபின் கொண்ட காளான்கள் உள்ளன. அறுபட்ட இடத்தில் நீல நிறமாக மாறும் பனையோலஸ் சயனெசென்ஸ் என்ற இனத்தை, இலங்கையில் சேகரிக்கப்பட்ட மாதிரிகளைக் கொண்டு 1871இல் ஆங்கிலேயக் காளானியலாளர்கள் பெர்க்லி, புரூம் ஆகியோர் விவரித்தனர். அந்த நீல நிறத்துக்குச் சைலோசின் காற்றுடன் வினைபுரிவதே காரணம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் உளத்தூண்டல் பொருள்கள் சட்டத்தின் அட்டவணையில் சைலோசைபினும் சைலோசினும் இடம்பெற்றுள்ளன. கொடைக்கானல் பகுதியில் போதைக் காளான் விற்றதற்காகக் கைது என்ற செய்தி அவ்வப்போது வெளியாகிறது. சட்டச் சிக்கலுக்கு அப்பால் உயிராபத்தும் உண்டு. கலெரினா போன்ற சில நச்சுக் காளான்கள் பார்வைக்குச் சைலோசைபின் காளான்களை ஒத்திருக்கும். அவற்றிலுள்ள அமடாக்சின் கல்லீரலை அழித்து உயிரைப் பறிக்கக்கூடியது. ஷுல்டிஸ் முதல் ஹைம் வரையிலான அறிஞர்கள் இனத்தை அடையாளம் காண்பதற்கே ஆண்டுக்கணக்கில் உழைத்தனர் என்பது இங்கு நினைவுகொள்ளத் தக்கது.

மதிப்பீடு

ஆய்வக வளர்ப்பு இக்காளானைப் பருவத்திலிருந்தும் மலையிலிருந்தும் விடுவித்தது. இனம் உறுதியாயிற்று, அளவு உறுதியாயிற்று, வேதிப்பொருள் கைக்கு வந்தது. இவை இல்லாமல் இன்றைய மருத்துவ ஆய்வுகள் எவையும் நடந்திருக்க முடியாது. அதே வளர்ப்பு இக்காளானை மசாதெக் மக்களின் கையிலிருந்தும் பிரித்தது. பாரிசில் காளான் முளைத்த பிறகு ஆய்வாளர்களுக்கு வாவுட்லாவின் மூலப்பொருள் தேவைப்படவில்லை. பாசெலில் மாத்திரை வந்த பிறகு காளானும் தேவைப்படவில்லை.

உயிரியல் வளங்களையும் அவை பற்றிய மரபறிவையும் பயன்படுத்துவோர் அதன் நன்மையை உரிய சமூகத்துடன் பகிர வேண்டும் என்னும் நகோயா நெறிமுறை 2010இல் ஏற்கப்பட்டு 2014இல் நடைமுறைக்கு வந்தது. ஹைம் மெக்சிகோவிலிருந்து வளர்ப்பு மாதிரிகளை எடுத்துச் சென்ற 1956ஆம் ஆண்டுக்கு அந்நெறிமுறை பொருந்தாது. சைலோசைபின் அங்கீகரிக்கப்பட்ட மருந்தாகச் சந்தைக்கு வரும் நாளில், அதன் வருவாயில் வாவுட்லாவுக்கு ஏதேனும் பங்கு உண்டா என்ற வினாவுக்கு இதுவரை எந்தச் சட்டமும் விடை கூறவில்லை. மருந்து நிறுவனங்களின் முன்னும் ஆய்வாளர்களின் முன்னும் அவ்வினா இன்றும் நிற்கிறது.